சிறுநீரகப் புற்றுநோய்: ஊசியா, மாத்திரையா, இரண்டுமா? கொழும்பில் இருந்து முடிவெடுப்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு

"அப்பாவுக்கு ஒரு சிறுநீரகத்தை எடுத்தாயிற்று. இப்போது நுரையீரலில் சின்னச் சின்னக் கட்டிகள். மூன்று கிழமைக்கு ஒருமுறை ஊசியும் கூடவே மாத்திரையும், இல்லாவிட்டால் மாத்திரை மட்டும், வீட்டில் பேசிவிட்டு அடுத்த கிளினிக்கில் சொல்லுங்கள் என்கிறார் டொக்டர். நாங்கள் எதை வைத்துப் பேசுவது?"

இந்தக் கேள்வி வெள்ளவத்தையில் இருந்தும் வருகிறது, கொட்டாஞ்சேனையில் இருந்தும் வருகிறது, வவுனியாவில் இருந்து வந்து கொழும்பில் சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருப்பவர்களிடம் இருந்தும் வருகிறது. பேச்சு பெரும்பாலும் "எந்த மருந்து பலமானது" என்பதிலேயே நின்றுவிடுகிறது. மருந்தின் பெயரைத் தேர்வது புற்றுநோய் நிபுணரின் வேலை. குடும்பம் தீர்மானிக்க வேண்டியது வேறு: இந்தச் சிகிச்சையை மாதக்கணக்கில் விடாமல் கொடுக்க முடியுமா? பக்கவிளைவு வந்தால் இரவு இரண்டு மணிக்கு எங்கே கொண்டு ஓடுவது? இந்த இரண்டுக்கும் பதில் இல்லாமல் தொடங்கும் விலையுயர்ந்த ஊசியைவிட, பதில் தெரிந்து தொடங்கும் மாத்திரை மேல் என்பது என் கணிப்பு.

கீழே உள்ளவை பெரியவர்களுக்கு வரும் சிறுநீரகப் புற்றுநோயில் மிகப் பொதுவான 'கிளியர் செல்' வகைக்கானவை. அளவுகளைச் சொல்வது டொக்டர் பேசும்போது விளங்கிக்கொள்வதற்காக மட்டுமே.

## முதலில் அளவுகோல்கள்

முதலாவது, நோயின் ஆபத்துப் பிரிவு. பரவிய நோய்க்கு டொக்டர்கள் ஆறு விஷயங்களைப் பார்ப்பார்கள்: நோயாளியின் பொதுவான உடல் நிலை, நோய் கண்டுபிடித்து ஒரு வருடத்துக்குள் மருந்து தேவைப்பட்டதா, ஹீமோகுளோபின் குறைவா, கல்சியம் கூடவா, நியூட்ரோபில் (ஒரு வகை வெள்ளை இரத்த அணு) கூடவா, பிளேட்லெட் கூடவா. எதுவும் இல்லையென்றால் நல்ல பிரிவு, ஒன்று இரண்டு என்றால் நடுத்தரம், மூன்றும் அதற்கு மேலும் என்றால் மோசமான பிரிவு. "எங்கள் அப்பா எந்தப் பிரிவு?" என்று நேராகக் கேளுங்கள். கேட்காமல் வந்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்த மருந்தோடு ஒப்பிட்டுக் குழம்புவதில் பயனில்லை.

இரண்டாவது, உடம்பில் ஏற்கனவே இருக்கும் வருத்தங்கள். மூட்டுவாதம், சொரியாசிஸ், குடல் அழற்சி போன்ற, நோய் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் வருத்தங்கள் உண்டா? மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவரா? ஏதாவது காரணத்துக்காக பிரெட்னிசொலோன் என்ற ஸ்டெரொயிட் மாத்திரை குடிக்கிறாரா? சீனி வருத்தம், ஈரல், இருதயம் எப்படி? ஒரு சிறுநீரகத்தோடு இருப்பவர்கள் பயப்படும் ஒரு விஷயத்தில் நல்ல செய்தி உண்டு: நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் ஊசிகளின் அளவைச் சிறுநீரகச் செயற்பாடு குறைந்திருப்பதற்காக மட்டும் பொதுவாகக் குறைக்கத் தேவையில்லை.

மூன்றாவது, தூரம். நான்காவது, முழுச் செலவு, அதாவது குப்பியின் விலையோடு ஸ்கான், இரத்தப் பரிசோதனை, ஓட்டோ, கூடப் போகிறவரின் லீவு, பக்கவிளைவுக்கு வார்டில் கிடக்கும் நாட்கள். ஐந்தாவது, எத்தனை காலம் என்பது. கடைசி இரண்டையும் சேர்த்துப் பெருக்கிப் பார்க்காமல் யாரும் கையெழுத்துப் போடக் கூடாது.

## வழி 1: இரண்டு ஊசி சேர்த்து

நிவோலுமாப், இபிலிமுமாப், பெம்ப்ரோலிசுமாப் எல்லாமே இம்யூனோதெரபி ஊசிகள். இவை புற்றுநோய்க் கலத்தை நேராகக் கொல்வதில்லை. நம் நோய் எதிர்ப்புக் கலங்களுக்குப் போட்டிருக்கும் கடிவாளத்தைக் கழற்றிவிடுகின்றன. நன்மையும் அதனால்தான், ஆபத்தும் அதனால்தான். கழன்ற கலங்கள் சில வேளை குடல், நுரையீரல், ஈரல், தைரொயிட் என்று நல்ல உறுப்பையும் தாக்கும்.

நடைமுறை இப்படி: மூன்று கிழமைக்கு ஒருமுறை, நான்கு தடவை, இரண்டு மருந்தையும் நரம்பு வழியாக ஏற்றுவார்கள். அதன் பிறகு நிவோலுமாப் மட்டும், இரண்டு கிழமைக்கு ஒருமுறை 240 மி.கி. அல்லது நான்கு கிழமைக்கு ஒருமுறை 480 மி.கி. ஒரு மருந்து ஏற அரை மணி நேரம்தான். நடுத்தர, மோசமான பிரிவினருக்கு இந்த ஜோடியைச் சுனிடினிப் மாத்திரையோடு ஒப்பிட்ட செக்மேட் 214 ஆய்வு 2018இல் வெளியானது. 18 மாதம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் ஊசிப் பக்கம் 75 சதவீதம், மாத்திரைப் பக்கம் 60 சதவீதம். கட்டி முழுதாக மறைந்தவர்கள் 9 சதவீதம், மாத்திரையில் 1 சதவீதம். நல்ல பிரிவினருக்கு இந்த ஜோடி அவ்வளவு தெளிவான இலாபம் காட்டவில்லை.

ஒளிந்திருக்கும் செலவு இபிலிமுமாபில் உண்டு. அது உடல் எடைக்கு ஏற்ப, கிலோவுக்கு 1 மி.கி. குப்பி 50 மி.கி. என்றால் 55 கிலோ ஆளுக்கு இரண்டாவது குப்பியை உடைக்க வேண்டும்; மிச்சம் வீண். பத்து சதவீதத்துக்குள் அளவைக் கிட்டிய குப்பிக்குச் சரிப்படுத்துவது பல இடங்களில் ஏற்றுக்கொண்ட நடைமுறை. "ஒரு குப்பிக்குள் முடிக்கலாமா டொக்டர்?" என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. முடிவு அவருடையது.

பாதுகாப்பு விஷயத்தில் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். இந்த ஊசிகளில் பெரும்பாலான சிக்கல் ஊசி ஏறும் அரை மணி நேரத்தில் வருவதில்லை. கிழமைகள், மாதங்கள் கழித்து, சில வேளை சிகிச்சை நின்ற பிறகும்கூட, வீட்டில் வைத்து வருகிறது. வழக்கத்தைவிட நாளைக்கு நான்கு தடவை கூடுதலாக வயிற்றாலே போனால் நம் ஆட்கள் செய்வது என்ன? மூலைப் பாமசியில் லோபெரமைட் வாங்கிக் கொடுத்துவிட்டு, மத்தியானம் சாப்பிட்ட கணவாயைக் குறை சொல்லிக்கொண்டு இருப்போம். அது குடல் அழற்சியாக இருந்தால் தேவைப்படுவது ஸ்டெரொயிட், அதுவும் சீக்கிரம். புது இருமலும் மூச்சு வாங்கலும் ஏசிக் குளிர் என்று தள்ளிப்போட வேண்டியவை அல்ல. திடீரென்று தாகமும் அடிக்கடி சிறுநீரும் என்றால் "பழைய சீனிதானே" என்று இருக்கக் கூடாது; இந்த ஊசி புதிதாக இன்சுலின் தேவைப்படும் நீரிழிவையே கொண்டுவரக் கூடும். கடும் களைப்போடு தலையிடி, பிரஷர் இறக்கம், கண் மஞ்சள், நெஞ்சு நோவு எல்லாம் அன்றைக்கே காட்ட வேண்டியவை.

இன்னொன்று. அவசர சிகிச்சைப் பிரிவில் "கீமோ எடுக்கிறார்" என்று சொல்லாதீர்கள். "இம்யூனோதெரபி எடுக்கிறார், மருந்தின் பெயர் இது, கடைசியாக ஏற்றிய திகதி இது" என்று சொல்லுங்கள். அங்கே இருக்கும் இளம் டொக்டருக்கு இரண்டும் வேறு பாதை. இதை ஒரு அட்டையில் எழுதி, தேசிய அடையாள அட்டைக்குப் பின்னால் செருகி வையுங்கள்.

யாருக்கு நல்லது: நடுத்தர அல்லது மோசமான பிரிவு, நோய் எதிர்ப்பு வருத்தங்கள் இல்லாதவர், தினமும் மாத்திரை வேண்டாம் என்பவர், இரவில் ஓட ஒரு வைத்தியசாலை கிட்ட இருப்பவர்.

## வழி 2: ஒரு ஊசி, ஒரு மாத்திரை

பெம்ப்ரோலிசுமாப் ஊசியோடு அக்சிடினிப் (அமெரிக்காவில் 2019இல் அனுமதி), அதே ஊசியோடு லென்வாடினிப் (2021), நிவோலுமாபோடு கபோசன்டினிப் (2021) ஆகியவை இந்த வகை. இந்த மாத்திரைகள் கட்டிக்கு இரத்தக் குழாய் வளர்வதைத் தடுப்பவை. பெம்ப்ரோலிசுமாப் மூன்று கிழமைக்கு ஒருமுறை 200 மி.கி. அல்லது ஆறு கிழமைக்கு ஒருமுறை 400 மி.கி.; பொதுவாக இரண்டு வருடம் வரை. மாத்திரை அதற்குப் பிறகும் தொடரலாம்.

பெம்ப்ரோலிசுமாப்–அக்சிடினிப் ஜோடியில் நூற்றுக்கு 59 பேருக்குக் கட்டி கணிசமாகச் சுருங்கியது. ஒப்பிட்ட சுனிடினிப்பில் 36 பேருக்கு. கட்டி பெரிது, மூச்சை அடைக்கிறது, நோவு கூட, சீக்கிரம் சுருங்கினால்தான் ஆகும் என்ற நிலையில் நிபுணர்கள் இந்தப் பக்கம் சாய்வதற்குக் காரணம் இதுதான்.

பிரச்சினை, பில் இரண்டாக வரும், பக்கவிளைவும் இரண்டு பக்கத்தாலும் வரும். வயிற்றாலே போகிறது, ஈரல் பரிசோதனை கூடியிருக்கிறது என்றால் குற்றவாளி ஊசியா மாத்திரையா? அக்சிடினிப் உடம்பில் அதிக நேரம் தங்காது. டொக்டர் சொல்லி அதை நிறுத்தினால் ஓரிரு நாளில் குறையத் தொடங்கும். குறையாவிட்டால் ஊசியைச் சந்தேகிப்பார்கள். இந்தக் கண்டுபிடிப்புக்குத் தொலைபேசியில் பேச ஆள் வேண்டும். சனல் பண்ணி, அடுத்த கிழமை இலக்கம் எடுத்துக் காத்திருக்கும் வேலை அல்ல இது. வீட்டில் பிரஷர் பார்க்கும் மெஷின் கட்டாயம். வாங்கும்போதே காலை அளவுகளைக் குறிக்க ஒரு கொப்பியும் வாங்குங்கள்.

ஈரலைப் பற்றிச் சொல்லும்போது கசாயத்தையும் சொல்ல வேண்டும். சிறுநீரகம் என்ற சொல் காதில் விழுந்ததும் யாராவது ஒரு அன்ரி சிறுபீளையும் நெருஞ்சியும் அவித்துக் கொண்டுவருவார். அன்பு வேறு, ஈரல் வேறு. பரிசோதனை கூடும்போது எது செய்தது என்று யாராலும் சொல்ல முடியாமல் போகும். குடித்தால் டொக்டரிடம் மறைக்காதீர்கள். இந்த ஜோடி ஓடும் காலத்தில் நான் என்றால் வேண்டாம் என்பேன்.

## வழி 3: மாத்திரை மட்டும்

சுனிடினிப் 2006இல் வந்தது: 50 மி.கி., நான்கு கிழமை குடித்து இரண்டு கிழமை இடைவெளி. பசோபனிப் 2009இல் வந்தது: நாளைக்கு 800 மி.கி., சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன் அல்லது இரண்டு மணி நேரம் பின், உடைக்காமல், நசுக்காமல். இரண்டிலும் இந்தியத் தயாரிப்பான ஜெனரிக் மருந்துகள் இருப்பதால் செலவு ஊசியோடு ஒப்பிடவே முடியாத அளவு குறைவு. பழைய மருந்து என்று முகம் சுளிக்கத் தேவையில்லை. சிறுநீரகம் மாற்றியவருக்கு இம்யூனோதெரபி ஊசியால் கடிவாளத்தைக் கழற்றுவது பொருத்திய உறுப்பையே இழக்கச் செய்யலாம். கடும் நோய் எதிர்ப்பு வருத்தம் உள்ளவர்களுக்கும் அப்படியே. அவர்களுக்கு இதுதான் முதல் வழி. நல்ல பிரிவில், மெதுவாக வளரும் நோயுள்ள வயதானவருக்கும் பொருந்தும். அப்படிப்பட்ட சிலருக்கு உடனே மருந்தே தொடங்காமல் ஸ்கானில் பார்த்திருப்பதும் உண்டு. அதையும் கேட்டுப் பாருங்கள்.

பக்கவிளைவு நாளாந்தத் தொல்லையாக இருக்கும். பிரஷர் ஏறும், வாய் புண்ணாகும், தைரொயிட் குறையும். உள்ளங்காலிலும் கையிலும் தோல் தடித்துச் சிவந்து நோகும். குளியலறைக்கு நடப்பதே வேதனையாகும். மெத்தென்ற செருப்பு, தடிப்பான சொக்ஸ், யூரியா கிறீம், சுடுநீர் தவிர்ப்பு ஆகியவற்றைக் கால் சிவக்க முன்பே தொடங்குங்கள். பசோபனிப்புக்கு முதல் மாதங்களில் ஈரல் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. பல் பிடுங்குவதற்கு முன் டொக்டரிடம் சொல்லுங்கள், காயம் ஆறச் சுணங்கும்.

## வழி 4: கிழமைக்கு ஒரு டெம்சிரோலிமஸ்

2007இல் வந்த ஊசி. மோசமான பிரிவினரில் சராசரி ஆயுளை அதற்கு முந்திய இன்டர்ஃபெரோன் ஊசியின் 7.3 மாதத்தில் இருந்து 10.9 மாதமாகக் கூட்டியது. இன்று இம்யூனோதெரபி எடுக்கக் கூடியவர்களுக்கு இது முதல் தேர்வு அல்ல. 25 மி.கி., ஒவ்வொரு கிழமையும், 30 முதல் 60 நிமிடம்; அரை மணி நேரம் முன் ஒவ்வாமைத் தடுப்பு மருந்து. சீனியையும் கொழுப்பையும் ஏற்றும், ஆதலால் நீரிழிவுக்காரருக்கு இன்சுலின் அளவே மாறலாம். கிரேப்ஃப்ரூட் ஆகாது, அதே குடும்பத்துப் பம்பளிமாசையும் விட்டுவிடுவது நல்லது. தயாரிப்பிலும் நுணுக்கம் உண்டு: முதலில் அதற்கென்று வரும் திரவத்தில், பிறகு 250 மி.லீ. சேலைனில், வெளிச்சம் படாமல், சாதாரண பிவிசி பை இல்லாமல். கிழமைக்கு ஒரு நாள் முழுதாகப் போகும் என்பதால் கொழும்புக்கு வெளியே இருப்பவர்களுக்கு நான் பரிந்துரைக்கத் தயங்குவேன்.

## பரவாத நோய்க்கு, சத்திரசிகிச்சைக்குப் பின் ஊசி

இது வேறு கணக்கு. கட்டியை முழுதாக எடுத்தாயிற்று, ஆனால் திரும்பி வரும் ஆபத்துக் கூட என்றால் பெம்ப்ரோலிசுமாப் ஒரு வருடம், மூன்று கிழமைக்கு ஒருமுறை என்றால் 17 தடவை. 2024இல் வெளியான முடிவின்படி நான்கு வருடத்தில் உயிரோடு இருந்தவர்கள் ஊசி போட்டவர்களில் 91.2 சதவீதம், போடாதவர்களில் 86 சதவீதம். மறுபக்கம் பார்த்தால், ஊசி இல்லாமலே பெரும்பாலானோர் இருக்கிறார்கள். நோயே இல்லாத ஒருவருக்கு வாழ்நாள் முழுக்கத் தைரொயிட் மாத்திரையோ இன்சுலினோ மிச்சமாகக் கூடும். வீட்டை ஈடு வைத்துச் செய்ய வேண்டிய சிகிச்சை இது என்று நான் நினைக்கவில்லை. செலவு தாங்கும் என்றால், 50 வயதுக்காரருக்கு யோசிக்கத்தான் வேண்டும்.

| | இரண்டு ஊசி | ஊசி + மாத்திரை | மாத்திரை மட்டும் | டெம்சிரோலிமஸ் |
|---|---|---|---|---|
| வைத்தியசாலைப் பயணம் | 3 கிழமைக்கு ஒன்று, பிறகு 2 அல்லது 4 | 2 முதல் 6 கிழமைக்கு ஒன்று | கிளினிக் நாள் மட்டும் | ஒவ்வொரு கிழமையும் |
| செலவு | மிக அதிகம் | மிக அதிகம், இரண்டு பில் | குறைவு | நடுத்தரம், பயணம் கூட |
| முக்கிய ஆபத்து | உறுப்பு அழற்சி | அழற்சி, பிரஷர், ஈரல் | பிரஷர், கை–கால் தோல், ஈரல் | சீனி, கொழுப்பு, நுரையீரல் |
| சிறுநீரகம் மாற்றியவர் | பொதுவாக வேண்டாம் | பொதுவாக வேண்டாம் | பொருந்தும் | நிபுணர் தீர்மானம் |

## குறைந்த அளவு, தோலுக்கடியில் போடும் ஊசி என்று கேள்விப்படுபவை

மும்பை டாடா மெமோரியலில் 20 மி.கி. நிவோலுமாப் கொடுத்துப் பலன் கண்ட ஆய்வைச் சொல்லி, "அதே அளவு போதுமே" என்று கேட்கிறார்கள். அது தலை–கழுத்துப் புற்றுநோயில், வேறு மருந்துகளோடு சேர்த்துச் செய்தது. அப்படியே சிறுநீரகத்துக்குக் கொண்டுவர முடியாது. வேறு வழியே இல்லாதபோது நிபுணர் யோசிக்கலாம். குடும்பம் தானாக அளவைக் குறைத்துக் கேட்பது சரியல்ல.

தோலுக்கடியில் சில நிமிடத்தில் போடும் நிவோலுமாபுக்கு அமெரிக்காவில் 2024 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. அது தனித் தயாரிப்பு. நரம்பில் ஏற்றும் குப்பியைத் தோலுக்கடியில் போடக் கூடாது.

## குப்பி கையில் வந்தால்

சில வேளை மருந்தை நாமே பாமசியில் வாங்கி வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டி வரும். இம்யூனோதெரபிக் குப்பிகளை 2 முதல் 8 பாகை செல்சியஸில், வெளிச்சம் படாமல், குலுக்காமல், உறையாமல் வைத்திருக்க வேண்டும். ரெஜிஃபோம் பெட்டியில் ஐஸ் பக்கெட்டை அடியில் வைத்து, நடுவில் துணியோ காட்போட்டோ போட்டு, அதன் மேல் மருந்துப் பெட்டி. ஐஸில் நேரே முட்டினால் உறைந்துவிடும், உறைந்த மருந்து பிறகு பாவனைக்கு ஆகாது. காலி வீதி நெரிசலில் இரண்டு மணி நேரம் சாதாரண விஷயம் என்பதால் ஊசி நாளன்று காலையிலேயே வாங்கி நேராகக் கொண்டுபோவது நல்லது. முன்கூட்டி வாங்கி வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது எனக்குப் பிடிக்காது. 2022இல் ஒரு நாளைக்குப் 13 மணி நேரம் மின்சாரம் நின்ற ஊர் இது.

வாங்கும்போது தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில் பதிவான தயாரிப்பா என்று கேளுங்கள், பெட்டியிலும் குப்பியிலும் தொகுதி இலக்கமும் காலாவதித் திகதியும் ஒன்றா என்று பாருங்கள், பில்லில் அந்த இலக்கத்தை எழுதச் சொல்லுங்கள், படம் எடுத்து வையுங்கள். தரமற்ற இம்யூனோகுளோபுலின் ஊசி விவகாரம் 2023இல் இந்த நாட்டையே உலுக்கியது. அதன் பிறகும் "வெளிநாட்டில் இருந்து தம்பி கையில் கொண்டுவந்தான், விலை பாதி" என்பதை நம்ப வேண்டாம். வீட்டுக்கு வந்து போட்டுவிடுகிறோம் என்பவர்களுக்கும் கதவைத் திறக்காதீர்கள்.

கொழும்புக்கே உரிய ஒரு சிக்கல் டெங்கு. சுனிடினிப்பும் டெம்சிரோலிமஸும் பிளேட்லெட்டைக் குறைக்கும், டெங்கும் குறைக்கும். காய்ச்சல் வந்தால் அன்றே இரத்தம் பார்த்து, காய்ச்சல் பார்க்கும் டொக்டருக்கும் புற்றுநோய் டொக்டருக்கும் சொல்லுங்கள். பரசிட்டமோல் மட்டும், டைக்ளோஃபெனக், இபுப்ரோஃபென் வேண்டாம், மிச்சம் இருக்கும் ஒரே சிறுநீரகத்துக்கும் அவை ஆகாது. இளையவர்கள் கருத்தடையையும் கேட்டு வைக்க வேண்டும்: பெண்களுக்குக் கடைசி நிவோலுமாபுக்குப் பின் ஐந்து மாதம், பெம்ப்ரோலிசுமாபுக்குப் பின் நான்கு மாதம்.

## எங்கே போடுவது

மஹரகம அபேக்ஷா வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். இந்த ஊசிகளைக் கையாளும் பழக்கமும் அங்கே இருக்கிறது. கோட்டையில் இருந்து 138 பஸ் போதும். ஆனால் நெரிசல் அதிகம், விலையுயர்ந்த மருந்து எப்போதும் கையிருப்பில் இருக்கும் என்று நம்பி இருக்க முடியாது. "அடுத்த நான்கு தடவைக்கும் மருந்து இருக்கிறதா, இல்லாவிட்டால் என்ன செய்வோம்?" என்று தொடங்கும் முன்பே கேளுங்கள். ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பிப்பதாக இருந்தால் நிபுணரின் கடிதத்தையும் விலை மதிப்பீட்டையும் ஆரம்பத்திலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

தனியார் வைத்தியசாலையில் காத்திருப்புக் குறைவு, கதிரை வசதி, நேரத்துக்கு நேரம். பில்லில் மருந்தைத் தவிர அறை, கனுலா, தாதியர் கட்டணம், நிபுணர் கட்டணம் எல்லாம் ஏறும். நான் அதிகம் யோசிப்பது வேறு: பக்கவிளைவுக்கு ஐந்து நாள் படுக்க நேர்ந்தால் அந்தச் செலவை யார் தாங்குவது? ஊசியைத் தனியாரில் போட்டாலும், அரச கிளினிக்கில் ஒரு கொப்பி திறந்து வைத்திருப்பது புத்திசாலித்தனம். இரண்டு இடத்து டொக்டருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

சென்னை, வேலூர் பற்றி: சென்னைக்கு விமானத்தில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம், மொழியும் பிரச்சினையில்லை. இரண்டாவது அபிப்பிராயத்துக்கும், பயொப்சி சிலைடுகளை மறுபடி பார்க்கவும் போவது பயனுள்ளது. ஊசியையே அங்கே தொடர்வதற்கு நான் ஆதரவில்லை. ஆறு கிழமைக்கு ஒருமுறை போய்வரலாம்தான். ஆனால் வயிற்றாலே போவது இருபதாவது நாள், கொழும்பில் வைத்து. அப்போது கூட்டிப்போக 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். போய்ச் சேரும் இடத்தில் இருப்பவருக்கு இந்த நோயாளியின் கோப்பு தெரிந்திருக்குமா என்பதை வைத்து இடத்தைத் தேர்ந்தெடுங்கள். விமான டிக்கெட்டை அதன் பிறகு போடலாம்.